கம்பெனி செக்கை நாமே அச்சடிக்க: காந்த மை வரியும் கையெழுத்தும்

நியூஜெர்சியில் ஒரு மளிகை மொத்த வியாபார அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். மாதம் நூற்றைம்பது செக்காவது போகும். கிடங்கு வாடகை, லாரிக்காரர்கள், காய்கறி சப்ளையர்கள் என்று எல்லாருக்கும் இன்னும் காகிதச் செக்தான். வெள்ளிக்கிழமை மாலையானால் முதலாளி அண்ணாச்சி உட்கார்ந்து வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, பேரு, தொகை எல்லாம் அந்த மிஷின் போடுதே, கையெழுத்தையும் அதுவே போட்டா என்ன?" என்றார். நானும் ஒரு வார வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். இரண்டரை மாதம் ஆனது. அதில் பாதி நாள் தேவையே இல்லாமல் போனது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் கணக்கு வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா வந்தவர்களுக்கு ஒரு விஷயம் முதலில் நம்பக் கடினமாக இருக்கும். ஊரில் செக் புத்தகம் வங்கி கொடுத்தால்தான் உண்டு. கீழே ஓடும் அந்த விசித்திர எண் வரிசை அதில் ஏற்கெனவே அச்சாகி வரும், நாம் டேலி கணக்கு மென்பொருளிலிருந்து பெயரையும் தொகையையும் மட்டும் அடிப்போம். இங்கே அப்படி இல்லை. வெற்றுத் தாளை வாங்கி, வங்கி எண் வரிசை உட்பட முழுச் செக்கையும் கம்பெனியே அச்சடிக்கலாம். சட்டப்படி தவறில்லை. ஆனால் தப்பாக அச்சடித்தால் வரும் தலைவலியும் கம்பெனிக்கே.

1. முழுதாக அச்சடிக்க வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வழி உண்டு. ஒன்று, எண் வரிசை ஏற்கெனவே அச்சான செக் தாளை வாங்கி, பெயர், தொகை, கையெழுத்தை மட்டும் சாதாரண லேசர் பிரிண்டரில் அடிப்பது. மற்றது, வெற்றுப் பாதுகாப்புத் தாளை வாங்கி எல்லாவற்றையும் நாமே அடிப்பது. அந்த எண் வரிசையை வங்கி எந்திரம் காந்தத்தால் படிக்கும் என்பதால், இரண்டாவதற்குத்தான் காந்த டோனர் வேண்டும்.

ஒரே வங்கிக் கணக்கு, மாதம் ஐம்பது செக்குக்குக் கீழ் என்றால் முதல் வழியே போதும். பிறகு வரும் தொல்லையில் பாதி உங்களுக்கு இல்லை. எங்களுக்கு மூன்று நிறுவனப் பெயர், நான்கு கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி செக் வாங்கி, தட்டில் மாற்றி மாற்றி வைத்து, ஒரு முறை வேறு கணக்கின் தாளில் அடித்தும் விட்டோம். வெற்றுத் தாளுக்கு மாறியதற்கு உண்மையான காரணம் அதுதான்.

செலவு, என் ரசீதுகளின்படி: அச்சான தாள் 500 சுமார் 150 டாலர், வெற்றுப் பாதுகாப்புத் தாள் 500 சுமார் 60 டாலர், காந்த டோனர் ஒன்று 140 டாலர், இந்த வேலைக்கென்று வாங்கிய கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் 280 டாலர். மென்பொருள் செலவு தனி. வங்கி மாதக் கட்டணமும் சேரும், அது கீழே வருகிறது. முதல் வருடம் மிச்சம் எதுவும் பார்க்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

2. எதையும் வாங்கும் முன் வங்கியிடம் பேசுங்கள்

நான் செய்த முதல் தப்பு இது. பிரிண்டர், டோனர், தாள் எல்லாம் வந்து இறங்கிய பிறகுதான் வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. கவுன்ட்டரில் கேட்டுப் பயனில்லை. வணிகக் கணக்குகளைப் பார்க்கும் 'ட்ரெஷரி மேனேஜ்மென்ட்' பிரிவைக் கேளுங்கள். அவர்களிடம் பெற வேண்டியவை மூன்று.

முதலாவது, உங்கள் கணக்குக்கான காந்த வரி அமைப்புத் தாள். எந்த எண் எந்த இடத்தில் வர வேண்டும், கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களையும் அடிக்க வேண்டுமா, நடுவில் கோடு வருமா என்பதெல்லாம் வங்கிக்கு வங்கி மாறும். பழைய செக்கைப் பார்த்து அப்படியே காப்பியடிக்கலாம் என்று தோன்றும். சரியாக வந்துவிடவும் கூடும். ஆனாலும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. வங்கியை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எண்ணுக்கு ரவுட்டிங் எண் என்று பெயர். ஒரே வங்கிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரவுட்டிங் எண் இருக்கும். வங்கிக்கு வங்கி நேரடியாகப் பணம் (வயர்) அனுப்ப ஒன்று, மின்னணுப் பரிமாற்றத்துக்கு ஒன்று, காகிதச் செக்குக்கு வேறொன்று என்று இருக்கலாம். கூகுளில் தேடி எடுத்த எண்ணை அச்சடிக்காதீர்கள். காகிதச் செக்குக்கான எண் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

இரண்டாவது, அச்சுக் கையெழுத்துக்கான ஒப்புதல் படிவம். பிரிண்டர் போடும் கையெழுத்தை வங்கி ஏற்க, கம்பெனி எழுத்தில் அனுமதி தர வேண்டும் என்று வங்கிகள் கேட்கும். கார்ப்பரேஷன் என்றால் இயக்குநர் குழுத் தீர்மானம், எல்.எல்.சி. வகை நிறுவனம் என்றால் அதன் உள் நிர்வாக ஒப்பந்தமான ஆப்பரேட்டிங் அக்ரிமென்ட்டின் நகல், கையெழுத்து அதிகாரம் உள்ளவரின் அடையாள அட்டை, கம்பெனியின் வரி அடையாள எண் கடிதம், அச்சில் வரப்போகும் கையெழுத்தின் மாதிரி. இவற்றை ஒரே கோப்பில் தயாராக வைத்துக்கொண்டு போனால் ஒரே நாளில் முடியும். நான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மூன்று வாரம் அலைந்தேன்.

அந்தப் படிவத்தைக் கையெழுத்திடும் முன் படியுங்கள். அந்தக் கையெழுத்து உருவம் உள்ள செக்கை யார் அச்சடித்திருந்தாலும், திருடனே அடித்திருந்தாலும், பொறுப்பு கம்பெனிக்கு என்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும். இதைப் படித்துக் காட்டியதும் அண்ணாச்சி இரண்டு நாள் பேசவே இல்லை. அப்புறம்தான் "சரி, பூட்டு பலமா போடு" என்றார்.

மூன்றாவது, 'பாசிட்டிவ் பே' சேவை. நாம் என்னென்ன செக் எழுதினோம் என்ற பட்டியலை வங்கிக்கு ஏற்றிவிடுவோம். பட்டியலில் இல்லாத செக் வந்தால் வங்கி நம்மிடம் கேட்கும். மாதக் கட்டணம் உண்டு. கையெழுத்தை அச்சடிப்பதாக முடிவெடுத்தால் இதை விட்டுவிட்டு ஆரம்பிக்காதீர்கள். இதில் மட்டும் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

3. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

டோனர்: காந்தத் தன்மை அதிலுள்ள இரும்பு ஆக்சைடால் வருகிறது. கண்ணால் பார்த்தால் சாதாரணக் கருப்பு டோனருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. உங்கள் பிரிண்டர் மாடலுக்கென்றே செய்த காந்த டோனர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரிண்டரை வாங்குங்கள். தலைகீழாகச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

"இப்போதெல்லாம் செக்கைப் போட்டோதானே எடுக்கிறார்கள், காந்த மை எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். பாதி உண்மை. 2004இல் நடைமுறைக்கு வந்த 'செக் 21' சட்டத்துக்குப் பிறகு செக்கின் படம்தான் வங்கிகளுக்கிடையே போகிறது. கைபேசியில் படமெடுத்துப் போட்டால் காந்தம் அங்கே வேலை செய்வதில்லை. ஆனால் ஏ.டி.எம்.களிலும் வங்கியின் செக் வாசிப்புக் கருவிகளிலும் இன்னும் காந்தத்தால் படிப்பவை உண்டு, செக் அச்சுக்கான தரநிலையும் காந்த மையைத்தான் கேட்கிறது. நான் அவர் பேச்சைக் கேட்டு, டோனர் வர இரண்டு நாள் தாமதமான ஒரு வாரம் சாதாரண டோனரில் இருபது செக் அடித்து அனுப்பினேன். பெரும்பாலானவை ஓடிவிட்டன. மூன்று செக்கை எந்திரம் படிக்காமல் தள்ளிவிட்டது, அதில் ஒரு சப்ளையருக்குப் பணம் ஐந்து நாள் தள்ளிப் போனது. அவர் அதற்கப்புறம் எங்களுக்குக் கடன் கொடுக்கவே யோசித்தார்.

தாள்: அமெரிக்கத் தாள் கணக்கில் '24 பவுண்டு' என்ற தடிமன் உள்ள பாதுகாப்புத் தாள். நகல் எடுத்தால் 'வாய்ட்' (செல்லாது) என்று தோன்றும் பின்னணி, ரசாயனம் பட்டால் கறையாகும் பூச்சு, நீர்க்குறி, விரல் சூட்டில் நிறம் மங்கும் சிறு முத்திரை என்று பல பாதுகாப்புகள் இருக்கும். அவற்றின் பட்டியல் தாளின் பின்புறம் அச்சாகியிருக்கும். ரசாயனப் பூச்சு மட்டும் கட்டாயம் இருக்கட்டும். தபாலில் திருடிய செக்கில் பெயரையும் தொகையையும் கழுவி அழித்து வேறு எழுதுவது இங்கே நிஜமாகவே நடக்கும் திருட்டு. 2023 பிப்ரவரியில் அமெரிக்க நிதித்துறையில் நிதிக் குற்றங்களைக் கவனிக்கும் ஃபின்சென் அமைப்பு வங்கிகளுக்கு இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே விட்டது. டோனரை அழிப்பது பேனா மையைப் போல அவ்வளவு எளிதல்ல என்பது நமக்குச் சாதகம்.

அளவுகாட்டி: எழுத்துகள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று செக்கின் மேல் வைத்துப் பார்க்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு. விலை குறைவு. இது இல்லாமல் ஸ்கேலை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு வேண்டாம்.

4. காந்த வரியை அமைப்பது

எழுத்துருவின் பெயர் இ-13பி. ஊர்ச் செக்கிலும் இதே எழுத்துருதான், பத்து எண்களும் நான்கு குறிகளும் மட்டும். நமக்கு வேண்டியவை இரண்டு குறிகள். ஒன்று ரவுட்டிங் எண்ணை இருபுறமும் அணைத்து நிற்பது, ஒரு நீளக் கோடும் இரண்டு சிறு கட்டமும். மற்றது கணக்கு எண்ணையும் செக் எண்ணையும் முடிப்பது, இரண்டு கோடும் ஒரு கட்டமும். பல எழுத்துருக்களில் ஏ, பி, சி, டி விசைகளில் இவை ஒளிந்திருக்கும். எந்த விசை எந்தக் குறி என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறலாம், அடித்துப் பாருங்கள்.

கம்பெனிச் செக்கில் இடமிருந்து வலமாக வரிசை இது: குறிகளுக்கு நடுவே செக் எண், அடுத்து குறிகளுக்கு நடுவே ஒன்பது இலக்க ரவுட்டிங் எண், அப்புறம் கணக்கு எண், இறுதிக் குறி. தனிநபர் செக்கில் செக் எண் கணக்கு எண்ணுக்கு வலப்புறம் வரும். உங்கள் சொந்தச் செக்கைப் பார்த்துக் கம்பெனி வரியை அமைத்தால் இங்கே தப்பாகிவிடும். வலக்கோடியில் தொகைக்கான பன்னிரண்டு இடம் உண்டு. அதைக் காலியாக விடுங்கள், அது நம் வேலை இல்லை.

ரவுட்டிங் எண்ணைத் தட்டியதும் இந்தச் சோதனையைப் போடுங்கள். முதல், நான்காம், ஏழாம் இலக்கங்களின் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்குங்கள். இரண்டு, ஐந்து, எட்டாம் இலக்கங்களின் கூட்டுத்தொகையை ஏழால் பெருக்குங்கள். மூன்று, ஆறு, ஒன்பதாம் இலக்கங்களை அப்படியே கூட்டுங்கள். எல்லாம் சேர்ந்து பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 123456780 என்ற எடுத்துக்காட்டு எண்ணுக்கு 36, 105, 9, மொத்தம் 150. சரி. கடைசி இலக்கம் 9 என்று இருந்தால் 159, அது ரவுட்டிங் எண்ணே இல்லை. கணக்கு எண்ணுக்கு இப்படி ஒரு பொதுச் சோதனை கிடையாது, இரண்டு பேர் சத்தமாகப் படித்துச் சரிபாருங்கள்.

இனி அளவு. செக்கின் அடிவிளிம்பிலிருந்து 5/8 அங்குல உயரத்துக்கு ஒரு பட்டை உண்டு. அதில் இந்த எழுத்துகளைத் தவிர வேறு எந்தக் காந்த அச்சும் வரக் கூடாது. எழுத்துகள் அடிவிளிம்பிலிருந்து 3/16 முதல் 7/16 அங்குலத்துக்குள் விழ வேண்டும். வலது விளிம்பிலிருந்து 5/16 அங்குலத்தில் முதல் இடம் தொடங்குகிறது, அங்குலத்துக்கு எட்டு எழுத்து. ரவுட்டிங் எண்ணை அணைக்கும் குறிகள் வலமிருந்து எண்ணினால் 33, 43ஆம் இடங்களில் நிற்க வேண்டும். முழுத் தாளின் மேல் மூன்றில் ஒரு பகுதியாகச் செக் இருந்தால், அடிவிளிம்பு என்பது துளையிட்ட கிழிக்கும் கோடு. தாளின் அடியிலிருந்து அளந்துவிடாதீர்கள்.

எனக்கு இரண்டு வாரம் எழுத்துகள் தகட்டோடு பொருந்தவே இல்லை. வலப்பக்கம் சரியாக இருக்கும், இடப்பக்கம் போகப் போக விலகும். எழுத்துருவைச் சந்தேகப்பட்டு இன்னொன்று வாங்கினேன், அதிலும் அதே கதை. கடைசியில் பார்த்தால் அச்சிடும் பெட்டியில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு இருந்தது. அது எல்லாவற்றையும் மூன்று சதவீதம் சுருக்கியிருக்கிறது. ஆறு அங்குல வரியில் அது கிட்டத்தட்ட 3/16 அங்குலம். 'உண்மை அளவு', நூறு சதவீதம் என்று வையுங்கள். டோனர் சேமிப்பையும் அணைத்துவிடுங்கள், மை மெலிந்தால் காந்தச் சிக்னலும் மெலியும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களில் சிலவற்றின் அகலமே தவறு. எட்டு எழுத்தை அடித்து ஸ்கேலில் ஓர் அங்குலம் வருகிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

5. செக்கின் முகம்

இங்கே நம் ஊர்ப் பழக்கம் காலை வாரும். தேதி இங்கே மாதம் முதலில், நாள் இரண்டாவது. ஏப்ரல் 5 என்று நினைத்து 05/04 என்று அடித்தால் மே 4 ஆகிவிடும். மாதத்தின் பெயரை எழுத்தில் வரும்படி அமைத்துவிட்டேன், நிம்மதி.

என் கணினியில் விண்டோஸ் வட்டார அமைப்பு இந்தியா என்றே இருந்தது. முதல் மாதிரியில் 1,25,000.00 என்று அச்சாகி, எழுத்திலும் 'ஒன் லாக்' என்று வந்து நின்றது. வங்கிக்காரர் அந்தச் சொல்லைப் பூட்டு என்று படித்தார். வட்டாரத்தை மாற்றினால் 125,000.00 என்று வரும். சென்ட்டை பின்னமாக, 45/100 என்று எழுதுவது வழக்கம். எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் சட்டப்படி எழுத்தில் உள்ளதே செல்லும், ஆகவே எழுத்து வரியைத்தான் அதிகக் கவனமாகப் பாருங்கள். மூலையில் இரட்டைக்கோடு போட்டு 'ஏ/சி பேயீ' எழுதும் வழக்கம் இங்கே இல்லை.

வலது மேல் பக்கம் சிறிய பின்ன எண் ஒன்று வரும். அதன் கீழ்ப்பகுதி ரவுட்டிங் எண்ணின் முதல் நான்கு இலக்கம், மேலே அடுத்த நான்கும் ஒரு முன்னெண்ணும். முன்னால் வரும் பூஜ்யங்களை விட்டுவிடுவார்கள். அதையும் வங்கியிடமே கேட்டு வாங்குங்கள்.

6. கையெழுத்து

அச்சுக் கையெழுத்து செல்லுமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. செல்லும். மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட யூனிஃபார்ம் கமர்ஷியல் கோடு என்ற பொது வணிகச் சட்டம், கருவியாலோ எந்திரத்தாலோ இடும் கையெழுத்தையும் ஏற்கிறது. எந்தச் சொல்லோ குறியோ கையெழுத்தாகலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அண்ணாச்சி தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். வங்கியில் அது ஒரு பேச்சாகவே வரவில்லை.

பேச்சானது அதன் வால். பெயரை முடித்து, அடியில் இழுத்து ஒரு சுழி போடுவது அவர் நாற்பது வருடப் பழக்கம். அந்தச் சுழி 5/8 அங்குலப் பட்டைக்குள் இறங்கிவிட்டது. பேனாவால் போடும்வரை காந்த வாசிப்புக்கு அது ஒரு பொருட்டில்லை. காந்த டோனரில் அச்சானதும் அதுவும் ஓர் எழுத்து என்று எந்திரம் தடுமாறும். கையெழுத்தைச் சிறிதாக்கி மேலே ஏற்றினேன், தொகைக் கட்டத்தில் முட்டியது. கடைசியில் சுழி இல்லாமல் போடச் சொன்னேன். வெள்ளைத் தாளில் முப்பது முறை போட்டுப் பார்த்து, "இது என் கையெழுத்து மாதிரியே இல்லையே" என்று வருத்தப்பட்டுக்கொண்டே கொடுத்தார். வங்கிப் படிவத்தில் மாதிரி கொடுக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். நாங்கள் பிறகு செய்ததால் படிவத்தை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

கருப்புப் பேனாவால் கோடில்லாத வெள்ளைத் தாளில் போட்டு, அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் தூய கருப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யுங்கள். சாம்பல் நிறமாக எடுத்தால் புள்ளி புள்ளியாக அச்சாகும்.

ஸ்கேன் செய்ததை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டேன். எவ்வளவு முட்டாள்தனம் என்று அன்று மாலைதான் உறைத்தது. அந்தக் கோப்பு கையில் உள்ளவரிடம் பிரிண்டரும் தாளும் இருந்தால் போதும். அதை அழித்துவிட்டு, அண்ணாச்சியிடம் புதிதாக ஒரு கையெழுத்து வாங்கினேன். இப்போது அது கடவுச்சொல் போட்ட யு.எஸ்.பி.யில் அவருடைய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அச்சடிக்கும் நேரத்தில் மட்டும் அவரே கொண்டுவந்து செருகுவார். வெற்றுத் தாள் வேறு அலமாரியில், சாவி என்னிடம். ஒருவரால் மட்டும் செக் அடிக்க முடியாது.

தொகை வரம்பும் வையுங்கள். எங்களுக்கு 5,000 டாலருக்கு மேல் போனால் மென்பொருள் கையெழுத்தைப் போடாது, அண்ணாச்சி பேனாவை எடுக்க வேண்டும். செக்கில் 'இரண்டு கையெழுத்து தேவை' என்று அச்சடித்துவிட்டு வங்கி பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். அதைக் கண்காணிக்கும் பொறுப்பு தனக்கில்லை என்று பல வங்கிகள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

7. சோதனை அச்சு

முதலில் சாதாரணத் தாளில் அடித்து, செக் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பொருந்திய பிறகு உண்மைத் தாளில் இருபது செக் அடித்து, எல்லாவற்றிலும் 'வாய்ட்' என்று எழுதி வங்கிக்கு அனுப்புங்கள். ஒன்று இரண்டு போதாது, தாள் இழுபடும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் நகரும். காந்த வலிமை அடிப்படை அளவில் 50 முதல் 200 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தரநிலை, அதை அளக்கும் கருவி நம்மிடம் இருக்காது. எங்கள் வங்கி பத்து நாளில் பதில் சொன்னது. அதுவரை பழைய செக்கைக் கையில் வைத்திருங்கள், நாங்கள் அவசரப்பட்டுத் தீர்த்துவிட்டோம்.

8. அனுப்பும் நாளும் அதற்குப் பிறகும்

அச்சடித்த அன்றே பாசிட்டிவ் பே பட்டியலை ஏற்றிவிட்டுத்தான் தபாலில் போட வேண்டும். செக் எண், தேதி, தொகை, வங்கி கேட்டால் பெயரும். பட்டியல் ஏற மறந்தால் நம் செக்கையே வங்கி சந்தேகத்தில் நிறுத்தும். தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் கொடுப்பதா, திருப்புவதா என்று வங்கி ஆரம்பத்திலேயே கேட்கும். 'திருப்பு' என்று வையுங்கள். தபாலைத் தெருப் பெட்டியில் போடாமல் அஞ்சலகத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பாழான செக்கைக் கிழித்து எறியாதீர்கள். கையெழுத்துப் பகுதியை வெட்டி நறுக்கிவிட்டு, எண் உள்ள பகுதியைக் கோப்பில் வையுங்கள். தணிக்கையில் எண் வரிசையில் ஓட்டை இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். '90 நாளுக்குப் பின் செல்லாது' என்று அச்சடிப்பதை நம்ப வேண்டாம், வங்கி அதைப் பார்க்காமலே பணம் கொடுத்துவிடலாம். ஆறு மாதம் தாண்டிய செக்கை மறுக்க வங்கிக்கு உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. காணாமல் போன செக்குக்கு, பணம் கொடுக்க வேண்டாம் என்று வங்கிக்குத் தரும் நிறுத்த உத்தரவுதான் வழி, எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 30 டாலர் ஆகிறது.

வங்கி அறிக்கை வந்ததும் செக் அடிக்காத ஒருவர் அதைச் சரிபார்க்கட்டும். கள்ளச் செக்கைக் கண்டுபிடித்துச் சொல்லச் சட்டம் தரும் கடைசி எல்லை ஓராண்டு. ஆனால் அதே ஆள் மறுபடி திருடினால், முதல் திருட்டை 30 நாளுக்குள் நாம் சொல்லியிருக்க வேண்டும் என்ற கணக்கு வந்துவிடும், வங்கி ஒப்பந்தம் இன்னும் குறைத்தும் இருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் அந்த வேலை அண்ணாச்சியின் மகளுக்கு. மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்து, ஒவ்வொரு செக்கின் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்கிறார். சுழி உள்ள கையெழுத்து ஏதாவது ஒன்றில் தென்பட்டால் அது எங்கள் பிரிண்டரில் அடித்ததல்ல என்று அவருக்குத் தெரியும்.